எருக்கும் அதனை அண்டி வாழும் உயிர்களும்
(கல்முனைக் கரையோரச் சைவ ஆசிரியர்க்கு ஓர் இயற்கைப் பாடம்)

சிவபெருமான் திருமுடியிற் சூடும் மலர்கள் கொன்றை, ஊமத்தம், எருக்கு என்று சைவநெறி வகுப்பிலே மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். பின்னர்ப் பாடசாலை வளவைத் துப்புரவு செய்யும் நாள் வந்தால், முதன்முதல் வெட்டி எறியப்படுவது வேலியோரத்து எருக்கேயாம். வாயினாற் போற்றுவதைக் கையினால் வேரறுத்தல் முரணன்றோ? இம்முரணை ஆசிரியராகிய நாமே முதலில் உணர்தல் வேண்டும். உணர்தற்கு வழி, அச்செடியைச் செவ்வனே அறிதலும், அதனை நம்பி உயிர் வாழ்வன எவையென ஆராய்தலுமாம். இவ்விரண்டும் வகுப்பில் எவ்வாறு கற்பிக்கப்படலாம் என்பதை இங்கே எடுத்துரைப்பாம்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் தொடுத்தாற்போலக் கிடப்பது நம் கரைநாடு. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. அப்பரப்பிலே இந்துக்களும் இஸ்லாமியரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஓர் ஊர் முடியும் இடமும் மற்றோர் ஊர் தொடங்கும் இடமும் மனிதர்க்கே தெரியும். வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தெரியா. ஆதலின் இப்பாடம் ஒரு சமயத்தார் பிள்ளைகட்கு மட்டும் உரியதன்று. மணலும் வெயிலும் உள்ள இந்நிலத்தில் யாரும் நடாமலும் நீர் வாராமலும் தானே வளரும் எருக்கு, இரு சாரார் பிள்ளைகளும் ஒரே பெயரால் அறிந்த செடி.

பெயர்

நூல் வழக்கில் எருக்கு. பேச்சு வழக்கில் எருக்கலை. சிங்களத்தில் 'வரா' என்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் கலோத்திரோப்பிசு சைகாந்தியா என்பதாம். முதற்சொல் கிரேக்க மொழியில் 'அழகிய ஓடக்கட்டை' என்னும் பொருளது. ஓடத்தின் அடிக்கட்டை போலப் பூவின் நடுவே எழுந்து நிற்கும் உறுப்பை நோக்கி அப்பெயர் வைத்தனர். இரண்டாஞ் சொல் 'பெரியது' எனப் பொருள்படும். 1753ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து லின்னேயசு இச்செடிக்கு, கிரேக்கரின் மருத்துவத் தெய்வமாகிய அசுக்கிளேப்பியசின் பெயரால் அமைந்த இனத்திற் பெயரிட்டனர். பின்னை வந்தோர் தனி இனமாகப் பிரித்தனர். இக்காலத் தாவர நூலார் இதனை அலரிக் குடும்பத்துள் அடக்குவர். அலரியும் எருக்கும் பால் உடையன, இரண்டும் நஞ்சுடையன, உறவு பொருத்தமேயாம்.

செடியை அறியும் முறை

ஒரு செடியைக் கண்டவுடன் 'இஃது எருக்கு' என்று சொல்லிவிடுதல் அறிவன்று. 'இன்ன இன்ன குறிகளால் இஃது எருக்கு' என்று நிறுவுதலே அறிவு. ஆறு குறிகளை மாணாக்கர் முறையே நோக்குக.

முதலாவது, இலை அமைப்பு. இலைகள் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டிரண்டாய் நிற்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக நிற்பின், அடுத்த இணை வடக்குத் தெற்காக நிற்கும். செடியின் மேலிருந்து நோக்கினால் நாற்புறமும் இலை விரிந்த சிலுவை வடிவு தோன்றும். மேலிலை கீழிலையின் வெயிலை மறையாதிருத்தற்கு இஃது உதவுகின்றது.

இரண்டாவது, காம்பின்மை. இலைக்குக் காம்பு இல்லை எனலாம். இருப்பினும் மிகக் குறுகியது. இலையின் அடி இதயம்போற் பிளந்து தண்டைத் தழுவி நிற்கும். இலை 8 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீண்டு தடித்திருக்கும்.

மூன்றாவது, வெண்பூச்சு. இலையின் கீழ்ப்புறத்திலும் இளந்தண்டிலும் மாவு பூசினாற்போல் மெல்லிய வெண்பஞ்சு படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் அகலும். தூரத்தே நின்று பார்ப்பார்க்குச் செடி சாம்பல் கலந்த பச்சையாய்த் தோன்றுவது இதனால். கடற்கரை வெயிலில் இலையின் ஈரம் விரைவில் வற்றாது காப்பதும் இப்போர்வையே.

நான்காவது, பால். இலையோ தண்டோ எங்கே முறிந்தாலும் வெண்பால் சுரக்கும். இதனை ஆசிரியர் ஒருவரே காட்டுக, மாணாக்கர் தொடலாகாது. காரணம் பின்னர்க் கூறுவாம்.

ஐந்தாவது, பூ. பூக்கள் கொத்தாய் மலரும். ஒவ்வொரு பூவும் 2½ முதல் 4 சென்ரிமீற்றர் வரை அகலமுடையது. ஐந்து இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்து, சற்றே பின்புறம் வளையும். அவற்றின் நடுவே ஐந்து பக்கமுள்ள சிறு முடி எழுந்து நிற்கும். நிறம் ஊதா கலந்ததாகவோ தூய வெண்மையாகவோ இருக்கும். ஆண்டு முழுவதும் பூ உண்டு.

ஆறாவது, காய். பூவொன்றினின்று இணைக்காய் தோன்றக்கூடும். பெரும்பாலும் ஒன்றே முதிரும். காய் கொழுத்து வளைந்து, முதிர்ந்தபின் ஒருபுறம் வெடிக்கும். உள்ளே தட்டையான விதைகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு விதையின் தலையிலும் பட்டுப்போன்ற பஞ்சுக் குஞ்சம் உண்டு. காற்று அதனைப் பற்றி விதையை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும்.

மயக்கம் தருவன

வெள்ளெருக்கு வேறு சாதி என்று எண்ணுவார் பலர். அங்ஙனமன்று. ஊதாப் பூவுடையதும் வெண்பூவுடையதும் ஒரே இனம். நிறம் ஒன்றே வேறுபாடு. வெள்ளெருக்கைக் கலோத்திரோப்பிசு புரோசேரா என்னும் வேறோர் இனத்தின் பெயரால் சில நூல்கள் குறிப்பது மயக்கத்தால் வந்தது. அவ்வினம் ஆபிரிக்கா, அரேபியா, வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட தேசங்களில் மிகுதி. அதன் இதழ்கள் பின்வளையாது நிமிர்ந்து நிற்கும், இதழ் நுனியில் ஆழ்ந்த ஊதாப் புள்ளி உண்டு, அரும்பு உருண்டையாயிருக்கும். அரபு மொழியில் அதனை 'உஷர்' என்பர். நம் அயலூர்ப் பிள்ளைகள் அரபு கற்பவராதலின், இப்பெயரைச் சொல்லிச் செடியின் உறவை விளக்குதல் அவர்க்கும் இனிதாகும்.

காட்டாமணக்கும் பாலுள்ள செடியென்று சிலர் மயங்குவர். அதன் சாறு நீர்த்தது. இலை காம்புடையது, மடல்பட்டது. அது அமெரிக்காவினின்று வந்தது. குளக்கரைகளில் ஊதாப்பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்கச் செடியே. அதன் பூ புனல்போன்றது. இலை தண்டில் மாறிமாறி ஒவ்வொன்றாய் நிற்பது. இலை இணையாய் எதிரெதிர் நிற்றலும், பூவின் நடுவே முடியிருத்தலும் ஆகிய இவ்விரு குறிகளையும் உறுதியாகப் பற்றினால் எருக்கில் மயக்கம் நேராது.

பூவும் கருவண்டும்

பிற பூக்களில் மகரந்தம் பொடியாய்க் கிடக்கும். காற்றிலும் பூச்சியின் மேனியிலும் ஒட்டும். எருக்கம்பூவில் அங்ஙனமன்று. மகரந்தம் மெழுகுபோன்ற சிறு பொதிகளாய்க் கட்டப்பட்டு, இரண்டிரண்டாய் ஒரு கருநிறக் கொளுவியில் தொங்கும். பூவின் முடியில் ஐந்து நுண்பிளவுகள் உள. தேன் குடிக்க வந்த பூச்சியின் கால் அப்பிளவில் வழுக்கிச் செல்ல, கொளுவி அதனைப் பற்றிக்கொள்ளும். பூச்சி காலை இழுக்கும்போது பொதிகளும் உடன் வரும். அடுத்த பூவின் பிளவில் அப்பொதி நுழைந்தாலன்றிக் காய் உண்டாகாது.

இவ்விழுப்புக்கு வலிமை வேண்டும். சிற்றீயும் சிறு தேனீயும் சிலவேளை கால் சிக்கி மாள்வதும் உண்டு. இப்பணிக்கு ஏற்றவன் கருவண்டு எனும் பெருவண்டே. உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து அதனுள் குடியிருப்பதால் அதனைத் தச்சத் தேனீ என்றும் கூறுவர். காலை வேளையில் எருக்கம் புதரருகே சிறிது பொழுது அமைதியாய் நின்றால் அதன் முழக்கம் கேட்கலாம்.

கருவண்டினால் நமக்கு ஆவது யாதெனின், முருங்கையும் கொடித்தோடையும் காய்த்தலில் அதன் பங்கு பெரிது. கொடித்தோடைப் பூ பெரிதாதலின் அதன் மகரந்தத்தை முதுகிற் சுமந்து சேர்ப்பது பெருவண்டே. தென்னிந்தியாவில் முருங்கைப் பூவை ஆராய்ந்தோரும் இவ்வண்டினத்தைச் சிறந்த மகரந்தச் சேர்ப்பியாகக் கண்டனர். முருங்கையோ கொடித்தோடையோ ஆண்டு முழுவதும் பூத்திரா; அவை பூவாத மாதங்களில் வண்டுக்கு உணவு எங்கே? ஆண்டெல்லாம் பூக்கும் எருக்கு அக்குறையைத் தீர்க்கும் செடிகளுள் ஒன்று. வேலியோரத்து எருக்கை வெட்டுவார், தம் வளவு முருங்கையின் காயையும் ஒருவாறு வெட்டுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

தேன்சிட்டுகளும் எருக்கம்பூவின் தேனை நாடி வருவன. தையற்சிட்டு முதலிய சிறு பறவைகள் கூட்டின் உள்ளே மெத்தையிடப் பஞ்சும் மென்மயிரும் தேடும். எருக்கங்காய் வெடித்துச் சிந்தும் பட்டுப்பஞ்சு அத்தகையதே.

நஞ்சை உண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி

எருக்கோடு பிரிக்கலாகா உறவுடையது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. வெந்தயமும் செம்மஞ்சளும் கலந்த சிறகு. முன்சிறகின் நுனி கறுத்து, அதில் வெண்பட்டை. பின்சிறகின் நடுவே கரும்புள்ளிகள் மூன்று. ஆணுக்கு நாலாவது புள்ளியொன்று உண்டு, அது மணப்பை. பறத்தலில் இதற்கு அவசரம் இல்லை. தாழப் பறக்கும், மெல்லப் பறக்கும். அவ்வச்சமின்மைக்குக் காரணம் உண்டு.

பெண் பூச்சி எருக்கிலையின் கீழ்ப்புறத்தில் வெண்முத்துப்போன்ற முட்டையொன்றை ஒட்டிச் செல்லும். ஒரே இலையில் முட்டைகளைக் குவியாது. சில நாளில் புழு வெளிப்படும். அப்புழு வெண்மை, கருமை, மஞ்சள் ஆகிய வளையங்களை உடையது. மேனியில் கருங்கொம்பு போன்ற மெல்லிழைகள் மூன்று இணை உடையது. மூன்று இணை என்பதை மாணாக்கர் எண்ணிக் குறித்துக்கொள்க; அமெரிக்காவில் வாழும் இதன் உறவான மொனாக்கு வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இரண்டு இணையே உண்டு. புழு இலையைத் தின்னப் புகுமுன் பால் வரும் நரம்பைக் கடித்து, பாலின் ஓட்டத்தைத் தடுத்து, பின்னர் அப்பாற் கிடக்கும் பகுதியைத் தின்னும். இவ்வுபாயத்தை அதற்குக் கற்பித்தார் யாருமில்லர்! ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புழு கூட்டுப்புழுவாகி, இலையடியில் தலைகீழாய்த் தொங்கும். பின்னும் ஒரு வாரம் அளவில் சிறகு விரியும்.

எருக்கம்பாலில் இருதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள. கால்நடை எருக்கை ஒதுக்குவது இதனால். புழுவோ அந்நஞ்சைத் தாங்கி வளர்வதோடு, அதிற் சிறிது தன் உடலிற் சேர்த்தும் வைக்கும். ஆதலால் அதனை விழுங்கும் பறவை துன்புறும். ஆண் பூச்சிகள் கிலுகிலுப்பை, தேட்கொடுக்கு முதலிய செடிகளிலிருந்து வேறொரு கசப்புப் பொருளையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அமெரிக்க அறிஞர் லிங்கன் பிரௌவர் 1960களில் இதனை மொனாக்கு வண்ணத்துப்பூச்சிகொண்டு சோதித்தார். எருக்கின் உறவுச்செடி உண்டு வளர்ந்த பூச்சியைத் தின்ற நீலப்பறவை வாந்தியெடுத்தது. பின்னர் அவ்வுருவைக் கண்டதும் ஒதுங்கிற்று. கோவா இலை தின்னப் பழக்கி வளர்த்த பூச்சிகளை அப்பறவை இடையூறின்றி உண்டது. எனவே நஞ்சு பூச்சிக்குத் தானாய் வந்ததன்று, செடியினின்று வந்தது என்பது துணிபாயிற்று. காரணத்தைத் தேடும்போது ஒன்றை மாற்றி மற்றவற்றை அவ்வண்ணமே வைத்தல் வேண்டும் என்னும் விஞ்ஞான விதியை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

இன்னும் ஒரு வியப்பு. நம் நாட்டில் வாழும் மற்றொரு வண்ணத்துப்பூச்சியின் பெண், நஞ்சில்லாதிருந்தும், வெந்தய வரியனின் உருவத்தையே ஏறத்தாழ ஒத்திருக்கும். பறவை அதனையும் நஞ்சென மயங்கி விடும். எருக்கின் காவல் அதனைத் தின்னும் பூச்சிக்கும், அப்பூச்சியின் சாயலுடைய பூச்சிக்கும் நீள்கின்றது.

எருக்கின் இளந்தளிரில் மஞ்சள்நிறச் செடிப்பேன் மொய்க்கக் காணலாம். அதனைத் தின்னப் பொறிவண்டு வரும். மாடு மேயாத புதராதலின், மேய்ந்து வெறுமையான மணல்நிலத்திலும் அதன் அடியில் நிழல் உண்டு. ஓணானும் அரணையும் அந்நிழலில் ஒதுங்கும். ஒரு செடியைச் சுற்றி ஒரு சிற்றூரே வாழ்கின்றது என்பதை இதனால் உணர்க.

இகழ்ச்சியும் அதன் காரணமும்

'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது தமிழர் சாபமொழி. பாழான வீட்டில் எருக்கு முளைப்பதைக் கண்டே அம்மொழி எழுந்தது. இங்கே காரணமும் காரியமும் தலைமாறின. எருக்கு முளைத்ததால் வீடு பாழாகவில்லை. வீடு பாழானதால் எருக்கு முளைத்தது. குலைந்த நிலத்தில் முதலில் வேரூன்றும் செடிகளுள் எருக்கு ஒன்று. அதன் விதை காற்றில் வரும். வேர் ஆழச் செல்லும். சத்தற்ற மணலும் அதற்குப் போதும்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிகுதியான உயிர்களை வாங்கியது அம்பாறை மாவட்டத்திலேயாம். மாண்டோர் 10,000 பேருக்கு மேல். அத்துயரத்தின்பின் இக்கரையில் வாழும் நமக்குப் பாழ் என்னும் சொல் ஏட்டுச் சொல்லன்று. அந்நிலையில் எருக்கைப் பார்க்குமிடத்து, அதனைச் சாபத்தின் குறியாகக் கொள்ளுதல் தகுமோ? மனிதர் கைவிட்ட மண்ணில் மீண்டும் நிழலும் பூவும் வண்டும் கொண்டுவருவது அது. எருக்கு அலையைத் தடுக்கும் என்று யாம் கூறவில்லை. எந்தப் புதரும் அத்தகைய அலையைத் தடுக்கவல்லதன்று. மண்ணை மூடி உயிர்களுக்கு இடங்கொடுத்தலே அதன் தொழில்.

சான்றோர் எருக்கை இகழ்ந்து தள்ளவில்லை. புறநானூற்றின் 106ஆம் பாட்டிலே கபிலர், நல்லதென்றும் தீயதென்றும் எண்ணப்படாத எருக்கம்பூவையும் உடையவர் சூட்டினால் தெய்வம் வேண்டாமென்னாது என்று காட்டி, அவ்வாறே யார் சென்றாலும் ஏற்பவன் பாரி என்கின்றார். தமிழ்நாட்டில் விருத்தாசலத்தை அடுத்த திருவெருக்கத்தம்புலியூர் தன் பெயரிலேயே எருக்கைச் சுமப்பது. அங்கே தலமரம் வெள்ளெருக்கு. ஞானசம்பந்தப் பெருமான் பதிகங்களை யாழில் இட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த தலமும் அதுவே. காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றி, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்பித்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகளின் ஊர்க்காரராகிய நமக்கு, யாழ்ப்பாண நாயனார் ஊரின் மரம் அயலான மரமன்று.

நம்மால் வரும் கேடு

பிறர் செய்யும் கேட்டை எடுத்துரைக்குமுன் நம்மவர் செய்வதைக் கூறுதல் முறை. வெள்ளெருக்கின் முதிர்ந்த வேரில் பிள்ளையார் திருவுருவம் தானே அமையும் என்னும் நம்பிக்கையால், வெண்பூச் செடி கண்டவிடத்தெல்லாம் வேரோடு அகழப்படுகின்றது. வேரிற் செதுக்கிய உருவங்கள் விலைக்கும் விற்கப்படுகின்றன. ஆண்டுபல நின்று பூத்த செடி ஓர் உருவத்தோடு முடிந்துபோகின்றது. மஞ்சளிலும் சாணத்திலும் பிடித்துவைத்து அறுகு சாத்தினும் எழுந்தருளும் பிள்ளையாருக்கு ஒரு செடியின் வேரறுத்தல் வேண்டப்படுவதன்று. பூவைப் பறித்தால் செடி மறுபடி பூக்கும். வேரைப் பறித்தால் இல்லை. வழிபாட்டுக்குப் பூக் கொய்வாரும் ஒரு கொத்தில் சிலவற்றை வண்டுக்கு விட்டுக் கொய்க.

இனி, கரையோர மணல்நிலம் வரவரச் சுருங்குகின்றது. வீடும் வீதியும் மதிலும் பெருகுகின்றன. ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்கு வடபால், ஒலுவில் நிந்தவூர்ப் பக்கத்துக் கரை கடலரிப்பால் இழந்த நிலமும் சிறிதன்று. வேலி போய் மதில் வந்தவிடத்து வேலியோரச் செடிக்கு இடமில்லை. மீந்த ஒதுக்கிடங்கள் கோயில் வீதி, மயானம், பாடசாலை வளவின் மூலை என்பனவே. அவற்றின் காவல் பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

எங்கும் உள்ள செடிக்கு ஏன் இத்துணைக் கவலை என்று வினவலாம். அமெரிக்காவில் மொனாக்கு வண்ணத்துப்பூச்சியும் எங்கும் உள்ளதாகவே கருதப்பட்டது. வயல்களில் களைநாசினி பெருகி, அதன் புழுவுக்கு உணவாகிய பாற்செடி குறைந்தது, பூச்சியும் குறைந்தது. 2022ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வலசை செல்லும் மொனாக்கை அழிவை எதிர்நோக்கும் உயிர்களுள் வைத்தது. அடுத்த ஆண்டில் அந்நிலை ஒருபடி தளர்த்தப்பட்டதாயினும், ஆபத்து நீங்கவில்லை. வெந்தய வரியன் இன்று அந்நிலையில் இல்லை. இல்லாதிருக்கும்போதே காத்தல் எளிது.

ஆசிரியர் கொள்ளவேண்டிய எச்சரிக்கை

எருக்கம்பால் கண்ணிற் படுதல் மிகக் கொடிது. தொடக்கத்தில் நோவு பெரிதாய்த் தோன்றாதிருந்தும், கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தோலிலும் எரிவு உண்டாகலாம். ஆதலின் மாணாக்கர் கண்ணாற் காண்க, கையால் முறியாதிருக்க. சித்த மருத்துவத்தில் எருக்குக்கு இடமுண்டு. அது கற்ற வைத்தியர்க்கு உரியது. ஆசிரியர் எவ்வகை மருந்தாகவும் பிள்ளைகட்குக் கொடுத்தலாகாது. சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்தருகே இச்செடி வேண்டா. இல்லாத இடத்தில் புதிதாய் நடுதலும் வேண்டா. வளவின் கோடியில் தானாய் முளைத்த ஒன்றிரண்டை விட்டுவைத்தலே போதும். அவுஸ்திரேலியாவின் வடபால் இதன் உறவினமாகிய புரோசேரா மேய்ச்சல்நிலக் களையாய்ப் பெருகியதை நோக்குக. தன் நிலத்தில் உதவுவது அயல்நிலத்தில் இடராதல் உண்டு.

கற்பிக்கும் முறை

மூன்று பாடவேளை போதும். முதல் வேளையில் ஆறு குறிகளைக் கொண்டு செடியை அறிந்து, இலையையும் பூவையும் கண்டவாறே வரைக. இரண்டாம் வேளையில், மழைக்குப்பின் தளிர் விட்ட செடியொன்றைத் தெரிந்து, இலையடியில் முட்டை, புழு, கூட்டுப்புழு எத்தனை என எண்ணித் திகதியோடு எழுதுக. வாரம் இருமுறையாக ஒரு மாதம் இவ்வெண்ணுதல் தொடர்க. புழுவைப் பிடித்து அடைத்தல் வேண்டா. மூன்றாம் வேளை சைவநெறி வகுப்பாகுக. இறைவன் சூடும் மலர் எது என்று கேட்டு நின்றுவிடாது, அம்மலரை நம்பி வாழும் உயிர்கள் எவை என்றும் கேட்க. அயலூர்ப் பாடசாலை இசையின், இரு பாடசாலையாரும் தத்தம் எண்ணிக்கையை ஒப்பிட்டு நோக்குதல் மிக நன்று.

வினாவிடை

எருக்கை அறியும் சிறப்புக் குறிகள் இரண்டு எவை?
காம்பின்றித் தண்டைத் தழுவி எதிரெதிர் நிற்கும் இலையும், பூவின் நடுவே ஐந்து பக்கமுள்ள முடியும்.

வெள்ளெருக்கு வேறு இனமா?
அன்று. நிறத்தால் வேறுபட்ட அதே இனம்.

எருக்கம்பூவின் மகரந்தத்தைச் சேர்ப்பது யாது?
பெரும்பாலும் கருவண்டு. மகரந்தப் பொதியை இழுத்தற்கு வேண்டிய வலிமை அதற்கு உண்டு.

அவ்வண்டால் நமக்கு வரும் பயன் யாது?
முருங்கை, கொடித்தோடை முதலியன காய்த்தல்.

வெந்தய வரியனைப் பறவை ஏன் ஒதுக்குகின்றது?
அதன் புழு எருக்கிலையின் நஞ்சைத் தன் உடலிற் சேர்ப்பதால்.

எருக்கு முளைத்தலால் வீடு பாழாகுமா?
ஆகாது. பாழான நிலத்தில் எருக்கு முளைக்கும்.

பால் கண்ணிற் பட்டால் செய்யத்தக்கது யாது?
உடனே நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லல்.

எருக்கைப் போற்றுவார் செய்யத்தக்கது யாது?
பூவை அளவாய்க் கொய்தல், வேரை அகழாமை, வளவின் மூலையில் தானாய் நிற்கும் செடியை வெட்டாது விடுதல்.

இவ்வினாக்களை ஆசிரியன்மார் தம் வகுப்பின் தரத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்க. இவ்வாண்டு துப்புரவு நாளில் வெட்டுங்கத்தியை மாணாக்கர் கையிற் கொடுக்குமுன், ஓர் எருக்கிலையின் கீழ்ப்புறத்தை அவர்க்குத் திருப்பிக் காட்டுக.